அனுமதிக்கப்பட்ட வழி

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. இல்ல, பையை மேல வெக்க வேணாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒரு கவர் இருக்கு, மடங்கிடும். மதுரைல இருந்து உசிலம்பட்டி எவ்ளோ நேரம்? ஒரு மணி நேரமா? கண்டக்டர் ஒண்ணேகால்ன்னாரு. அப்ப ஒண்ணேகால்தான். அவங்க சொல்றதத்தான் எடுத்துக்கணும்.

நான் இறங்க வேண்டியது பேயம்பட்டி கூட்ரோடு. நீங்க விலக்குன்றீங்க, எங்க பக்கம் கூட்ரோடும்போம். வந்தா சொல்லுங்க. நீங்க எங்க? அதுக்கு அடுத்த ஸ்டாப்பா? நல்லதா போச்சு. டிக்கெட்டா? டிக்கெட்டு உசிலம்பட்டி வரைக்கும் எடுத்திருக்கேன். சும்மாதான். கண்டக்டர் கேட்டதும் வாயில அதுதான் வந்துச்சி.

ஆமா, மிலிட்டரிதான். முடி வெட்டியிருக்கறத வெச்சே கண்டுபிடிச்சிட்டீங்களே. ஏகாம்பரம், குடியாத்தம். இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ். ஆனா சண்டை போடற ஆளு இல்ல, கிளார்க்கு. கடைசியில ஹெட் கிளார்க்கு, சுபேதார் ரேங்க்கு. சிரிக்காதீங்க தம்பி. துப்பாக்கி பிடிக்கறவன் ஊருக்குப் போகணும்னா என் பேனா நகரணும்.

இருபத்தெட்டு வருஷத்துல என் பேர்ல தண்டனைன்னு ஒரு சிவப்பு மை எழுத்து கிடையாது. ஒண்ணு கூட. அப்படிப்பட்ட என்னை ஒரு பொம்பள வந்து வாசல்ல நின்னு கேள்வி கேக்கறா. நான் பெத்த பொண்ணு என்கிட்ட பேசறதில்ல. பன்னண்டு நாளா எனக்குச் சாப்பாட்டுக் கேரியர் வரல. ஓட்டல்லதான் தின்னுகினு இருக்கேன். அறுபத்திரண்டு வயசுல எனக்கு இது வேணுமா? நீங்களே சொல்லுங்க.

மொதல்ல இருந்து சொல்றேன், அப்பதான் புரியும். ஒருத்தன் யூனிட்ட விட்டு வீட்டுக்குக் கெளம்பறான்னு வெச்சிக்குங்க. லீவுல போறான், இல்ல சர்வீஸ் முடிஞ்சு பென்ஷன் போறான். ஊர் போய்ச் சேர எத்தனை நாள்னு நாங்க எழுதித் தரணும். அதுக்குப் பேரு பயண நாளு. அத்தனை நாளும் அவன் டூட்டியில இருக்கறதா கணக்கு. ரயில்ல குறட்டை விட்டுத் தூங்கிகினு போனாலும் டூட்டிதான். ஆனா ஒண்ணு. உத்தரவுல எந்த வழி எழுதியிருக்கோ அந்த வழியில போகணும். அனுமதிக்கப்பட்ட வழி. அத விட்டு மாறினான்னா அந்த நிமிஷத்துல இருந்து அவன் டூட்டியில இல்ல. கவர்ன்மென்டுக்கு அவன் யாரோ, எவனோ.

இது நான் போட்ட விதி இல்ல. நான் அத நடத்தினவன், அவ்ளோதான்.

எங்க யூனிட்டு ஜம்முவுக்கு மேல, மலையில. அங்கிருந்து நாகர்கோவிலுக்கு எத்தனை நாளு, கவுகாத்திக்கு எத்தனை நாளு, எந்த ஸ்டேஷன்ல எத்தனை மணி நேரம் காத்திருக்கணும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஹிந்திக்காரனுங்க எனக்குக் கேலண்டர் சாப்னு பேரு வெச்சிருந்தானுங்க. திருநெல்வேலிக்காரன் ஒருத்தன், கொழந்தைக்கு மொட்டை அடிக்கணும், ஒரே ஒரு நாள் கூடப் போடுங்க சாப்னு கால்ல விழாத குறையா நின்னான். போடல. ஒருத்தனுக்குக் குடுத்தா ஊருக்கே குடுக்கணும். இன்னொருத்தன் மண் சரிஞ்சு ரோடு அடைச்சு ஒரு நாள் லேட்டா வந்தான். லேட்டுதான்னு எழுதினேன். அவன் மண்ணைக் கூட்டி வந்து சாட்சி சொல்ல வெக்க முடியுமா? என்னைத் திட்டினானுங்க. திட்டட்டும். பேனா பிடிச்சவன் நெஞ்சு இரங்கினா ஆபீஸ் என்னாத்துக்கு ஆகும்?

இப்ப விஷயத்துக்கு வரேன். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. காலைல பத்து மணி. நான் பேப்பர் படிச்சிகினு இருக்கேன். வாசல்ல ஒரு பொம்பள. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஒடிசலா, கையில ஒரு மஞ்சப் பை. "நாங்க உசிலம்பட்டிப் பக்கமுங்கய்யா. இங்கன கற்பகம்ங்கிறது யாரு?"ன்னா.

கற்பகம் என் பொண்ணு தம்பி. ஒரே பொண்ணு. அதே தெருவுல நாலு வீடு தள்ளிதான் குடியிருக்கா. என் சம்சாரம் போனதுக்கப்புறம் வேளா வேளைக்குச் சாப்பாடு கொண்டாறவ அவதான். அன்னிக்கும் உள்ள எனக்குக் காபி போட்டுகினு இருந்தா.

எதுக்கும்மா கேக்கறேன்னேன். அந்தம்மா பையில இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதுக்குள்ள இருந்து ஒரு சின்ன சீட்டை எடுத்து நீட்டினா. "எங்க வீட்டுக்காரரு ஹவில்தார் ஒச்சப்பன். சாகும்போது சட்டைப் பையில இது இருந்துச்சு. பதினோரு வருசமா வச்சிருக்கேன். அவ யாருன்னு ஒரு தடவ பாத்துட்டுப் போயிருறேன்ய்யா. சண்டைக்கு வரல"ன்னா.

சீட்டுல என் கையெழுத்து. கற்பகம், பதினாலு, பெருமாள் கோயில் தெரு, குடியாத்தம். நீல மை மங்கிப் போயிருந்துச்சி. ஆனா என் எழுத்து எனக்குத் தெரியாதா?

நான் பதறிட்டேன் தம்பி. யாரா இருந்தாலும் பதறுவாங்க. அப்படி யாரும் இங்க இல்லம்மா, தப்பான வீடுன்னு சொல்லிட்டேன். அந்தம்மா என்னையே பாத்தா. கதவு மேல பதினாலுன்னு போட்டிருக்கறதையும் பாத்தா. அப்புறம் சொல்றா, ஊர்ல என்னென்ன பேசறாங்கன்னு. சர்வீஸ் முடிஞ்சு பொண்டாட்டி புள்ளயப் பாக்க வந்தவன், சொந்தம் பந்தம் ஒண்ணும் இல்லாத குடியாத்தத்துல எதுக்கு இறங்கினான்? எவளையோ வெச்சிருந்தான், மொதல்ல அவளைப் பாக்கப் போனான், போன எடத்துல பஸ்ஸுல அடிபட்டுச் செத்தான்னு. இப்ப அந்தாளு பொண்ணுக்கு வரன் வந்து, பாக்கு வெத்தல மாத்தற வரைக்கும் போயி, இந்தப் பேச்சு காதுல விழுந்து நின்னு போச்சாம். "என்னையச் சொன்னாக, பொறுத்தேன். எம் மகளச் சொல்றாக. அதான் வந்தேன்"ன்னா.

தண்ணி வேணுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டு நடந்துட்டா.

கோவம் வராதா தம்பி? புருஷன் பணியில எறந்ததா எழுதித் தரச் சொல்லி கலெக்டர் ஆபீஸ்ல மனு, முன்னாள் படைவீரர் ஆபீஸ்ல மனு, ஆட்டைக் கடிச்சு மாட்டைக் கடிச்சு கடைசியில என் வாசலுக்கே வந்துட்டா. என் பொண்ணு பேரை, கல்யாணம் ஆகிக் குடித்தனம் நடத்தற பொண்ணு பேரை, வெச்சிருந்தவன்னு சொல்லிகினு ஒரு ஊரே பதினோரு வருஷமா பேசியிருக்கு. எனக்குத் தெரியவே தெரியாது. மானநஷ்டம் போடலாம்ன்றாரு எங்க தெரு வக்கீலு.

சீட்டு நான் எழுதினதுதான். இல்லன்னு சொல்லல. அதையும் சொல்லிடறேன்.

அந்த வருஷம் கற்பகத்துக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு பிப்ரவரி ஒண்ணாந்தேதி. எனக்கு லீவு இல்ல. என் சம்சாரம் போன்ல ஒரே பாட்டு: காஷ்மீர் பக்கத்துலயே இருக்கீங்க, பொண்ணுக்கு நல்ல குங்குமப்பூ அனுப்பக் கூடாதா, பால்ல போட்டுக் குடிச்சா கொழந்தை செவப்பா பொறக்குமேன்னு. ஜம்முல தெரிஞ்ச கடையில பத்து கிராம் வாங்கினேன், சின்ன தகர டப்பாவுல. தபால்ல போட்டா எடுத்துட்டு வேற எதையாவது வெச்சிடுவானுங்க. அப்பதான் ஒச்சப்பன் பென்ஷன்ல போறான்.

ஒச்சப்பன் டிரைவரு. இருபத்துநாலு வருஷம் மலை ரோட்டுல வண்டி ஓட்டி ஒரு கீறல் விழ விட்டதில்ல. அதிகம் பேச மாட்டான். ஜனவரி முப்பத்தொண்ணு அவனுக்குக் கடைசி நாளு. அஞ்சு நாள் பயணம் போட்டேன், கணக்கா. இருபத்தாறாந்தேதி கொடியேத்தி முடிச்சு, இருபத்தேழு காலைல கெளம்பினான். அன்னிக்குச் சாயங்காலம் ஜம்முல ரயிலு, மறுநாள் டெல்லி, முப்பதாந்தேதி காலைல சென்னை, ராத்திரி ரயில் பிடிச்சு முப்பத்தொண்ணு காலைல மதுரை. இதான் அனுமதிக்கப்பட்ட வழி.

ஆனா பாருங்க, முப்பதாந்தேதி காலைல ஏழு மணிக்குச் சென்னைல இறங்கறான். அடுத்த வண்டி ராத்திரி ஒம்பதரைக்கு. பதினாலரை மணி நேரம் ஸ்டேஷன்ல சும்மா உக்காந்திருக்கணும். குடியாத்தம் போக மூணு மணி, வர மூணு மணி. எப்படிப் பாத்தாலும் நேரம் மிச்சம். சும்மா கெடக்கற நேரம்தானே. ஒரு சீட்டுல அட்ரஸை எழுதி டப்பாவோட குடுத்தேன்.

அவனும் போனான். பத்தேமுக்காலுக்கு வீட்டுல டப்பாவைக் குடுத்திருக்கான். கற்பகம்தான் வாங்கியிருக்கா. சாப்பிட்டுப் போங்கண்ணேன்னு சொல்லியிருக்கா. "இல்லம்மா, நேரம் கணக்கு இருக்கு"ன்னு ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பிட்டான். சாப்பாட்டு வேளை வரைக்கும் இருந்திருந்தா அந்த பஸ்ஸுல ஏறியிருக்க மாட்டான். பாருங்க, விதின்னா இதான். பள்ளிகொண்டா தாண்டி ஒரு லாரி. ஸ்பாட்டுலயே மூணு பேரு.

மூணாம் நாளு யூனிட்டுக்கு போன் வந்துச்சி. நான்தான் எடுத்தேன். இங்க மதுரைல இருந்து ஒரு ஆபீஸரு கேக்கறாரு: பயண நாளுக்குள்ள எறந்திருக்காரு, மரியாதையோட அடக்கம் பண்ணலாமா, அனுமதிக்கப்பட்ட வழியிலதான் வந்துகினு இருந்தாரான்னு. நான் என்ன சொல்றது? குடியாத்தம் அந்த வழியில இல்ல. இல்லைன்னு சொன்னேன்.

அந்தம்மா வாசல்ல நின்னப்ப சொன்னா. அதுக்குள்ள கொடி போத்திட்டாங்களாம். போன் வந்ததும் எடுத்து மடிச்சிட்டாங்களாம். "போத்தாமலே இருந்திருக்கலாம்ய்யா. போத்திட்டு எடுத்தாக"ன்னா. கஷ்டமாத்தான் இருந்துச்சி கேக்க. ஆனா கொடிக்கும் விதி இருக்கு தம்பி.

அப்புறம் கடுதாசி வந்துச்சி, வழி மாறினதுக்குக் காரணம் என்னன்னு. நான்தான் பதில் தயார் பண்ணேன், ஆபீஸர் கையெழுத்துப் போட்டாரு. சொந்தக் காரணம்னு எழுதினேன். அதுல என்ன பொய்? சொந்தக் காரணம்தானே. யாரோட சொந்தக் காரணம்னு அந்த ஃபாரத்துல கேக்கலையே.

நான் பண்ண ஒரே தப்பு, சீட்டுல என் பேரை எழுதாம விட்டது. சுபேதார் ஏகாம்பரம் மகள் கற்பகம்னு எழுதியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. அவசரத்துல விட்டுப் போச்சு. இருபத்தெட்டு வருஷத்துல அந்த ஒண்ணுதான்.

வீட்டுல யாருக்கும் நான் சொல்லல. புள்ளத்தாச்சிப் பொண்ணுகிட்ட போயி, உனக்கு டப்பா குடுத்தவன் செத்துட்டான்னு சொல்ல முடியுமா? கொழந்தை பொறந்ததுக்கப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் மொட்டை, காது குத்து, என் ரிட்டயர்மென்டு. ஒண்ணு மாத்தி ஒண்ணு. பேரன் இப்ப பத்து வயசு. நல்ல கருப்பு, அவங்க அப்பா மாதிரியே.

அன்னிக்குக் காபியோட கதவுக்குப் பின்னாலயே நின்னிருக்கா கற்பகம். ஒச்சப்பன்னு பேரு காதுல விழுந்திருக்கு. அந்தம்மா போனதும் கேட்டா, "அப்பா, அந்த டப்பா கொண்டாந்த அண்ணனா?"ன்னு. ஆமான்னேன். "எப்ப செத்தாரு?"ன்னா. அன்னிக்குத்தான்னேன். கையில இருந்த டம்ளரை அப்படியே கீழ வெச்சிட்டு, செருப்பு கூட போடாம தெருமுனை வரைக்கும் ஓடினா அந்தம்மாவைத் தேடி. பஸ்ஸு போயிடுச்சி.

அதுக்கப்புறம் ஒரு வாரம் என்கிட்ட கேட்டுகினே இருந்தா, போயி சொல்லிட்டு வாங்கப்பா, போயி சொல்லிட்டு வாங்கப்பான்னு. பாக்கலாம்னேன். ஒரு நாள் கேரியரை நிறுத்திட்டா. "அந்த ஊருக்குப் போயி, அந்தம்மா முன்னால நின்னு, நான்தான் அனுப்பினேன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் என் வாசப்படி மிதிக்காதீங்க. நீங்க போகலன்னா நான் போறேன்"ன்னுட்டா. அவ எப்படிப் போவா? வீட்டுக்காரன் என்ன நெனைப்பான்? அதான் நானே கெளம்பினேன்.

சும்மா வரல தம்பி. முறையா எழுதிக் கொண்டாந்திருக்கேன். இந்தக் கவருதான். மூணு காப்பி டைப் அடிச்சேன். படிக்கறேன் கேளுங்க. "மேற்படி ஒச்சப்பன் அவர்கள், தமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தாரிடம் ஒரு பொருளை ஒப்படைக்கும் நல்லெண்ணத்துடன் மட்டுமே வழி மாறிச் சென்றதாகத் தெரிய வருகிறது. அவரது நன்னடத்தை குறித்து எவ்வித ஐயமும் இல்லை." எப்படி? நன்னடத்தைன்னு தெளிவா போட்டுட்டேன். இத ஊர்ல நாலு பேருக்குக் காட்டினா வாய் அடைஞ்சிடும். அந்தப் பொண்ணுக்கும் வரன் அமையும்.

எந்தக் குடும்பம்னு இல்லையா? அது அவசியமா தம்பி? அனுப்பினது யாருன்னு... அது இந்த விஷயத்துக்கு சம்பந்தம் இல்லாதது. எனக்கும் பென்ஷன் இருக்கு. உத்தியோகத்துல இருந்தப்ப ஒரு காரியம் மறைச்சேன்னு நாளைக்கு எவனாவது கெளப்பினா?

என்ன கேக்கறீங்க? ஒச்சப்பன் என்கிட்ட ஒண்ணும் கேக்கலையான்னா?

கேட்டான்.

டப்பாவைக் கையில வாங்கிகினு, சீட்டைப் படிச்சான். உத்தரவை இன்னொரு தடவ விரிச்சுப் பாத்தான். இருபத்துநாலு வருஷம் ரோட்டுல இருந்தவனாச்சே, வழியெல்லாம் அவனுக்குத் தெரியும். "சாப், இது ரூட்டு மாறுதே. ஒண்ணும் ஆயிராதுல்ல?"ன்னான். நான் சிரிச்சேன். "யோவ், ரூட்டு போடறவனே நான்தான்யா. உன்னை யாரு கேக்கப் போறாங்க?"ன்னேன். அப்புறம் சட்டைப் பையில வெச்சிகினான்.

கேட்டான் தம்பி. என்கிட்டதான் கேட்டான்.

இத யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. கற்பகத்துகிட்ட கூட. இன்னிக்கு உங்ககிட்ட எப்படியோ வாயில வந்துடுச்சி. வெயிலு வேற.

என்ன, பஸ்ஸு நிக்குது? பேயம்பட்டியா? அதுக்குள்ளயா? ஒண்ணேகால் மணி நேரம்னாரே, ஒரு மணி நேரம் கூட ஆகல.

அங்க வேப்ப மரத்தடியில நிக்கற கல்லுதானா அது? பணியில எறந்தவங்க பேரு வெட்டின கல்லு? அந்தம்மா சொன்னா. உத்தரவு இல்லாம இவன் பேரை வெட்ட மாட்டேன்றாங்களாம். இங்கிருந்து படிக்க முடியல. எத்தனை பேரு இருக்கு, நாலா? கீழ எடம் விட்டிருக்காங்க போல.

தம்பி, ஒண்ணு செய்யறீங்களா? நீங்க அடுத்த ஸ்டாப்புதானே. இங்கயே இறங்கி இந்தக் கவரை மட்டும் குடுத்துட்டுப் போயிடுங்களேன். அந்தம்மா பேரு ஜெயக்கொடி, கேட்டா ஊர்ல யாரும் காட்டுவாங்க. அஞ்சு நிமிஷ வேலை. பின்னாலயே அடுத்த பஸ்ஸு வருது, ஏறிக்கலாம். உங்களுக்கு வழியிலதானே? இருங்க, பேனா இருக்கு, ஒரு சீட்டுல பேரு எழுதித் தரேன். இந்தாங்க, பிடிங்க.

ஏன் கைய இழுத்துக்கறீங்க?

யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க தம்பி. உங்களை யாரு கேக்கப்...

சரி. வேணாம். சீட்டைக் கிழிச்சிடறேன்.

இருங்க கண்டக்டர், ஒரு நிமிஷம். இறங்கணும்... இல்ல, இறங்கல. போகட்டும். விசில் குடுங்க.

அங்கிருந்து அடுத்த ஸ்டாப்பு எவ்ளோ தூரம் தம்பி? ரெண்டரை கிலோமீட்டரா? இந்த முட்டியை வெச்சிகினு திரும்பி நடந்தா முக்கால் மணி நேரம். ஊருக்குள்ள போக பத்து நிமிஷம். அந்தம்மா காட்டு வேலைக்குப் போயிருந்தா காத்திருக்கணும். சாயங்காலம் மதுரைல எனக்கு ரயிலு. பத்தாது தம்பி. எப்படிக் கூட்டினாலும் பத்தாது. நீங்களே கூட்டிப் பாருங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் ஒண்ணும் வழி மாறல. டிக்கெட்டு உசிலம்பட்டி வரைக்கும் இருக்கு.